பட்டியலில் இல்லாத பாவம்

ஒரு ஜெபக்குழுவின் கட்டளைகளுக்குக் கீழ்ப்பட்டு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வாழ்ந்து, தொழிலையும் சேமிப்பையும் சில உறவுகளையும் இழந்து, கிறிஸ்துவின் மன்னிப்பு என்னவென்பதை நாற்பது வயதை நெருங்கும்போது அறிந்துகொண்டவன் நான். அந்த ஆண்டுகளில் என்னைப் போன்ற ஒருவர் தாம் பட்டதைத் தமிழில் எழுதி, அது என் கண்ணில் பட்டிருந்தால், இரவெல்லாம் தூங்காமல் தனியாகத் தவித்திருக்க மாட்டேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இன்று அதே இடத்தில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் குழுவின் பெயரையோ அதை நடத்துகிறவரின் பெயரையோ சொல்லப்போவதில்லை. பழி தீர்ப்பது என் நோக்கமன்று. மேலும் இதே போதனை வேறு வேறு பெயர்களில் பல ஊர்களில் இருப்பதால், பெயரைவிட அதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்வதே பயன்தரும்.

எங்கள் குடும்பம் சேலம் சிவதாபுரம் பக்கத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த குடும்பம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார்கள். அதைக் கம்பியாகவும் தகடாகவும் இழுத்து, கண்ணிகளாகப் பற்றவைத்து, மணி கோத்து, கொலுசாக எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவர்கள். லண்டன் மிஷன் சங்கத்தார் 1827ஆம் ஆண்டில் சேலத்தில் ஊழியம் தொடங்கியவர்கள். அவர்களுடைய வழியில் வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த சபை எங்களுடையது. ஞாயிறுதோறும் பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்வோம். சபைப் போதகரான ஐயர் மன்னிப்பின் வார்த்தைகளை வாசிப்பார். ‘பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்’ என்று விசுவாசப் பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொல்வோம். சிறுவயது முதல் மனப்பாடமாக இருந்த அந்த வரி என் வாழ்க்கையைப் பற்றியது என்று யாரும் எனக்கு உட்கார்ந்து விளக்கவில்லை. பிறகு நடந்தவற்றுக்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அப்பா இறந்த ஆண்டில்தான் அந்தக் குழுவுக்குப் போகத் தொடங்கினேன். மருத்துவமனைச் செலவால் கடன் ஏறியிருந்தது. தங்கையின் திருமணம் பாக்கியிருந்தது. பட்டறையைத் தனியாக நடத்தும் தைரியம் எனக்கு இல்லை. அந்த நிலையில் ஒரு நண்பர் என்னை ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்தவர்கள் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள், நான் அழுதபோது அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அன்பு பொய்யானது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட குழுக்களில் சேருகிறவர்கள் அறிவில்லாதவர்கள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். கட்டளைகளைப் பார்த்து யாரும் உள்ளே போவதில்லை. அன்பைப் பார்த்துத்தான் போகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிப் போயிருந்தால், அவர் எந்த துக்கத்தோடு போனார் என்பதை முதலில் கேளுங்கள்.

கட்டளைகள் ஒவ்வொன்றாக, மெதுவாக வந்தன. முதலில் தொலைக்காட்சியை எடுத்துவிடச் சொன்னார்கள். பிறகு திரைப்படப் பாட்டு ஒலிக்கும் பேருந்தில் ஏறுவதைக்கூடத் தவிர்க்கச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடுவது உலகத்தாரின் வழக்கம் என்றார்கள். பழைய சபையில் திருவிருந்து எடுப்பது அசுத்தம் என்றார்கள். வெள்ளிக்கிழமை உபவாசம், புதன்கிழமை இரவு ஜெபம், பெண்கள் அணியக்கூடாத நிறங்கள், ஆண்கள் வைக்கக்கூடாத மீசை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. என் மைத்துனனின் திருமணம் ஆத்தூரில் கோவில் மண்டபத்தில் நடந்தபோது நாங்கள் போகக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. என் மனைவி அன்று முழுவதும் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். இவற்றில் எதுவும் ‘இதைச் செய்தால்தான் இரட்சிப்பு’ என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ‘இரட்சிக்கப்பட்டவன் இப்படித்தான் இருப்பான்’ என்று சொன்னார்கள். அப்படி இல்லாதபோதெல்லாம் நான் இரட்சிக்கப்பட்டவனா என்ற சந்தேகம் எனக்குத் தானாகவே எழுந்தது.

என்னை அதிகமாக நொறுக்கியது சனிக்கிழமைக் கணக்கு. அந்த வாரத்தில் செய்த பாவங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, இரவில் குழுவின் பொறுப்பாளரான மூப்பரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். உபவாசத்தில் தேநீர் குடித்தது, தேநீர்க் கடையில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டது, ஜெபத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தது என்று எழுதுவேன். அவர் கேட்டுவிட்டு, ‘அடுத்த வாரம் எப்படி நடக்கிறீர்கள் என்று பார்க்கலாம், பிரதர்’ என்பார். மன்னிப்பு உண்டு என்று ஒருமுறைகூட முடிவாகச் சொன்னதில்லை. அது எப்போதும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஞாயிறு அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா என்று இருட்டில் யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன். தேவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் சிறுவயதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆண்டுகளில் அதே எண்ணம் வயிற்றைக் கலக்கியது.

பாவ அறிக்கையைப் பற்றி இங்கே ஒன்றைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு 5ஆம் அதிகாரம் சொல்வது உண்மைதான். ஆனால் எங்கள் மூப்பர் தம் குற்றம் எதையும் எங்களிடம் சொன்னதில்லை. அறிக்கை ஒரே திசையில் போகும் இடத்தில் அது அதிகாரத்துக்கான கருவியாகிவிடுகிறது. உங்கள் அந்தரங்கங்களை எழுத்தில் யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கங்களில் இருந்தவை பிறகு பிரசங்கத்தில் பெயரில்லாமல் வந்தன. அது யாரைப் பற்றியது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. தவறு செய்தது ஒரு மனிதருக்கு எதிராக என்றால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். தேவனுக்கு எதிராக என்றால் அவரிடம் சொல்லுங்கள். ஆலோசனை தேவைப்பட்டால், இரகசியம் காக்கிறவர் என்று பல ஆண்டுகளாக அறிந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். தசமபாகத்தை நிகர வருமானத்திலிருந்து கொடுத்தால் போதாது, கைக்கு வந்த மொத்தக் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தொழிலில் வரும் கூலியிலிருந்துதான் ஆட்களுக்குச் சம்பளம், கேஸ், மின்சாரம், மெருகுச் செலவு எல்லாம் போக வேண்டும். ஆகவே மொத்தத்தில் பத்தில் ஒன்று என்பது எனக்கு மிஞ்சியதில் பாதிக்கு மேல் ஆகிவிடும். அதற்கு மேல் முதற்பலன், பொருத்தனை, கட்டட நிதி, ஊழியக்காரரின் வாகனத்துக்கென்று ஒரு காணிக்கை. மல்கியா 3ஆம் அதிகாரத்தை வாசித்து, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று பிரசங்கித்த பிறகு, பையில் இருப்பதைக் கொடுக்காமல் எழுந்து வர யாருக்கும் துணிவு வராது. பிறகு கணக்குப் பார்த்தபோது நான் கொடுத்தது 4 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. ஒரு ரூபாய்க்குக்கூட ரசீது இல்லை. ‘அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்’ என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. கொடுப்பது நல்லது, இன்றும் கொடுக்கிறேன். ஆனால் ரசீது கொடுக்காத இடத்துக்கு, ஆண்டுக் கணக்கைச் சபையார் முன் வாசிக்காத இடத்துக்கு, கொடுக்காவிட்டால் சாபம் வரும் என்று சொல்லும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். பொருத்தனை என்று மேடையில் வாக்குறுதி கேட்கப்பட்டால், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிப் பழகுங்கள்.

இவற்றையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருந்திருப்பேன். தொழிலில் கை வைத்தபோதுதான் வாழ்க்கை குலைந்தது. நகை அணிவது பாவம் என்பது அங்கே முதலிலிருந்தே இருந்த போதனை. என் மனைவியும் கொலுசைக் கழற்றியிருந்தாள். ஒருநாள் மூப்பர், அணிவது பாவமானால் அதைச் செய்து விற்பது அதைவிடப் பெரிய பாவம் அல்லவா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஊற்றிய ஒவ்வொரு வெள்ளிக் கட்டியும் யாரோ ஒரு பெண்ணை நரகத்துக்கு இழுக்கும் சங்கிலி என்று சொன்னபோது எனக்கு உடல் நடுங்கியது. கம்பி இழுக்கும் இயந்திரம், அச்சுகள், தராசு எல்லாம் அன்றைய நிலையில் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் போகும். அவசரத்தில் 1 லட்சத்துச் சொச்சத்துக்கு விற்றேன். அதிலும் ஒரு பங்கு காணிக்கையாகப் போனது. அப்பாவின் காலத்திலிருந்து எங்களுக்கு வெள்ளி கொடுத்துவந்த செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் கணக்கை முடிக்கச் சென்றபோது, ‘உங்க சாமி தொழில் செய்யக்கூடாதுன்னா சொல்லுது, தம்பி?’ என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். பட்டறையில் வேலை பார்த்த நான்கு பேரும் வேறு இடம் தேடிப் போனார்கள். அவர்களில் ஒருவருக்குப் பல மாதம் வேலை கிடைக்கவில்லை. என் ‘கீழ்ப்படிதலுக்கு’ அவர் குடும்பமும் விலை கொடுத்தது.

வேதத்தைத் திறந்து பார்த்திருந்தால் இந்தப் போதனை நிற்காது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யத் தேவன் பெயர் சொல்லி அழைத்த பெசலெயேல், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிறவன். அந்தத் திறமையைக் கொடுத்ததே தேவ ஆவி என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. இயேசு சொன்ன கதையில், திரும்பி வந்த இளைய மகனின் கையில் தகப்பன் மோதிரம் போடச் சொல்கிறார். நகைக்கு எதிராக எப்போதும் காட்டப்படும் 1 பேதுரு 3:3, பொன்னாபரணங்களோடு சேர்த்து மயிரைப் பின்னுவதையும் உயர்ந்த வஸ்திரங்களையும் சொல்கிறது. எங்கள் குழுவில் எல்லாப் பெண்களும் தலை பின்னியே வந்தார்கள், அதை ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. அடுத்த வசனம் இருதயத்தில் மறைந்திருக்கும் சாந்த குணத்தைப் பற்றியது; அதைக் குறித்து ஒரு பிரசங்கமும் கேட்ட நினைவில்லை. ஆகவே, யாராவது ஒரு வசனத்தைக் காட்டி உங்கள் பிழைப்பை விடச் சொன்னால், அந்த அதிகாரம் முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள். அந்தக் குழுவோடு சம்பந்தமில்லாத, வேதம் தெரிந்த இரண்டு பேரிடமாவது கேளுங்கள். ஏமாற்றும் தொழிலையோ பிறரைக் கெடுக்கும் தொழிலையோ விட வேண்டியிருந்தால் அது உங்களுக்கே தெரியும். நேர்மையான உழைப்பை ஒருவருடைய தரிசனத்தின் பேரில் விற்றுவிடாதீர்கள். விற்ற இயந்திரம் திரும்பி வராது.

அம்மாவைப் பற்றி எழுதுவது கடினமாக இருக்கிறது. ஆனாலும் இதை விட்டால் மற்றதெல்லாம் புரியாது. அம்மாவின் காதில் ஒரு ஜோடிக் கல் தோடு இருந்தது. அப்பா பட்டறையில் முதல் பெரிய கூலி வாங்கியபோது செய்துபோட்டது. திருமண நாள் முதல் அவர் கழுத்தில் கிடந்த சங்கிலிகூட கடனுக்குப் போனபோதும் அந்தத் தோடு மட்டும் போகவில்லை. அதைக் கழற்றாதவரை வீட்டுக்கு ஆசீர்வாதம் வராது என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் அம்மாவிடம் பல நாட்கள் பேசவில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிடவில்லை. அவருடைய ஜெபத்தைத் தேவன் கேட்கமாட்டார் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கடைசியில், ‘உனக்கு நிம்மதின்னா எடுத்துக்க சாமி’ என்று சொல்லி அவரே கழற்றிக் கொடுத்தார். அது காணிக்கையில் போனது. அந்தச் சனிக்கிழமை என் நோட்டில் பாவம் என்று எழுத ஒன்றுமே இல்லை. மூப்பர் முதன்முறையாக என்னைப் பாராட்டினார்.

தொழில் போனபின் வருமானத்துக்கு வழியில்லாமல், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் எடைபோட்டுக் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். பழம் பறிக்கும் காலம் முழுவதும் மலைமேலேயே தங்கிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு இறங்கி வர முடியாததால், முதன்முறையாக அவர்களுடைய குரல் காதில் விழாத நாட்கள் எனக்குக் கிடைத்தன. அந்தத் தோட்டத்துக்கு அருகே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாலையில் எடை முடிந்தபின் என்னோடு பேசிக்கொண்டிருப்பார். நான் வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் இருப்பதையும், தவறிப்போய்ச் சாப்பிட்டால் நடுங்குவதையும் கவனித்துவிட்டு, ஒருநாள் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றிச் சொன்னார். சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர், 1505ஆம் ஆண்டில் எர்ஃபுர்ட் நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்து, உபவாசமும் விழிப்பும் இருந்து உடலை வருத்தியதையும், தம் மேற்பார்வையாளரான ஸ்டாபிட்சிடம் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் நிம்மதி பெறாததையும், தம் பாவங்களையே எண்ணிக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார்க்கும்படி ஸ்டாபிட்ஸ் சொன்னதையும், விட்டன்பர்க்கில் சங்கீதங்களையும் பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களையும் கற்பிக்க வேண்டியிருந்தபோதுதான் அவருக்கு வெளிச்சம் கிடைத்ததையும் விரிவாகச் சொன்னார். பிறகு, ‘தம்பி, கலாத்தியர் ஆறே அதிகாரம்தான். வசனம் வசனமாகப் பிய்க்காமல், ஒரு கடிதத்தை வாசிக்கிற மாதிரி ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வாருங்கள்’ என்றார்.

அன்று இரவே வாசித்தேன். ஏழு ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த வேதாகமத்தில் அந்த நிருபத்தை முழுவதுமாக நான் வாசித்ததே இல்லை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. முந்நூறு ஆண்டுகளாக நம் மொழியில் இருக்கும் ஒரு கடிதத்தை எனக்கு யாரும் முழுதாகக் காட்டவில்லை, சில வசனங்களை மட்டும் கிள்ளிக் காட்டினார்கள். யூதரல்லாத புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்ததை அதில் வாசித்தேன். அப்போஸ்தலனே ஆனாலும், சுவிசேஷத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் எதிர்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. ‘நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே’ என்ற இடத்தில் நிறுத்தி, அழுதேன். ‘ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?’ என்ற கேள்வி நேராக என்னிடமே கேட்கப்பட்டது போலிருந்தது. மறுநாள் கொலோசெயர் 2ஆம் அதிகாரத்துக்குப் போனேன். ‘தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே’ என்னும் கட்டளைகள் மனுஷருடைய கற்பனைகள் என்று பவுல் அங்கே எழுதுகிறார். அதற்குச் சற்று முன்பாக, நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்தைக் குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று இருக்கிறது. எங்கள் தொழிலில் வாங்கிய வெள்ளியின் எடைக்கும் கொடுத்த கொலுசின் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை, சேதாரம் போக, வியாபாரியின் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அந்தப் பற்று கோடு போட்டு அடிக்கப்பட்டால்தான் தலைமுறைகளுக்கும் நிம்மதி. சனிக்கிழமைதோறும் நான் எழுதிக்கொண்டிருந்தது ஏற்கெனவே அடிக்கப்பட்ட பற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அந்த ஆறுதலோடு வேறொன்றும் வந்தது. என் அனுபவத்தில் முக்கியமாக நான் கருதுவது இதைத்தான். தேநீரும் கிரிக்கெட்டும் கணக்கிலிருந்து போனபின், என் நோட்டில் ஒருநாளும் எழுதப்படாத ஒன்று முன்னால் வந்து நின்றது. அம்மாவின் காதிலிருந்து தோட்டைக் கழற்ற வைத்ததும், அதற்காக அவரைப் பட்டினியின் மூலமும் மௌனத்தின் மூலமும் வதைத்ததும் பாவம். பட்டியலில் இல்லாததால் அதை நான் பாவம் என்றே அறியவில்லை. அதைப் பரிசுத்தம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். மனிதரின் கட்டளைப் பட்டியல் செய்யும் கேடுகளில் இதுவே பெரியது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். பாவமல்லாதவற்றுக்காக நம்மை அழவைத்துக்கொண்டே, மெய்யான பாவத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அறிக்கையிடாத பாவத்துக்கு மன்னிப்பின் ஆறுதலும் கிடைப்பதில்லை. ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்’ என்று 1 யோவான் 1:9 சொல்வதை நம்பி, அந்த ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்லி ஜெபித்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் மலையிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். ‘அது அன்னிக்கே போச்சு கண்ணு, நீ சாப்பிட்டியா?’ என்றார். அவர் என்னை எப்போதோ மன்னித்துவிட்டிருந்தார்.

கிருபையைப் பற்றி இப்படிப் பேசினால், மக்கள் துணிந்து பாவம் செய்வார்களே என்று சிலர் உண்மையான அக்கறையோடு கேட்கிறார்கள். ரோமர் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுலே அந்தக் கேள்வியை எழுப்பி, ‘கூடாதே’ என்று பதில் சொல்கிறார். என் அனுபவமும் அதற்குச் சாட்சி. பயத்தில் இருந்த ஆண்டுகளில் நான் அம்மாவிடம் கொடியவனாக இருந்தேன். மன்னிப்பை அறிந்தபின்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டேன். சுயாதீனத்தை மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்று அதே கலாத்தியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. அன்பு கேட்பது சட்டம் கேட்பதைவிட எப்போதும் அதிகம்.

வெளியேறுவது ஒரு நாளில் முடியவில்லை. நான் கூட்டங்களுக்குப் போகாமல் இருந்ததும் வீட்டுக்கு வந்தார்கள். என் பிள்ளைகளின்மேல் சாபம் வரும் என்றார்கள். அந்த வார்த்தை மனைவியை மிகவும் பயமுறுத்தியது. மகளுக்குச் சாதாரணச் சளி பிடித்தாலும் இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று சொல்லும் கலாத்தியர் 3:13ஐ இருவரும் சேர்ந்து ஒவ்வொரு இரவும் வாசித்தோம்; பயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவைதான். கூட்டமாக வருகிறவர்களோடு வாதாடாதீர்கள். ‘நாங்கள் இனி வரவில்லை, உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். வாங்கிவைத்த பத்திரம், நகை, காசோலை எதுவும் அவர்கள் கையில் இருந்தால், விலகுவதைச் சொல்வதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிரட்டல் எல்லை மீறினால் காவல் நிலையத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. உடல்நலக் குறைவுக்கு மருத்துவரிடம் போவதைத் தடுத்திருந்தால், முதல் வேலையாக மருத்துவரிடம் போங்கள். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் ஆண்டவரே, பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியன். மனைவியும் கணவனும் ஒரே வேகத்தில் வெளியே வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் முன்னால் வந்துவிட்டால் மற்றவருக்காகக் காத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக இருந்துவிடாதீர்கள். ஞாயிறு காலைகள் வெறுமையாகத் தோன்றும். வேதாகமத்தைத் தொடவே கசப்பாக இருக்கும். நாங்கள் பழைய ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். முதல் சில மாதங்கள் பாட்டுக்கூடப் பாட முடியவில்லை. யாரும் எங்களை விசாரணை செய்யவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

நகை அணியாத விசுவாசிகள் எல்லாரையும் நான் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எளிமைக்காகவோ ஆண்டவர்மேல் உள்ள அன்பினாலோ தாமாக அதை விட்ட பல சகோதரிகளை அறிவேன். அவர்கள் பிறருடைய காதைப் பார்த்துப் பரிசுத்தத்தை அளப்பதில்லை. அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன் என்று ரோமர் 14 சொல்வது இரு தரப்புக்கும் பொருந்தும். ஒருவர் உபவாசம் இருந்தால் அவருக்காக மகிழுங்கள். நீங்கள் இல்லாததற்காக அவர் உங்களைத் தீர்ப்பிட்டால் மட்டும் விலகுங்கள்.

இழந்த பணம் திரும்பவில்லை. கேட்டும் பார்த்தேன், கிடைக்கவில்லை. காணிக்கையாகக் கொடுத்ததைச் சட்டப்படி மீட்பது ரசீது இல்லாமல் மிகக் கடினம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னபின் அதை விட்டுவிட்டேன். அந்தச் செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் மறுபடி போய் நின்றபோது, அவர் சிறிய அளவு வெள்ளியை நம்பிக் கொடுத்தார். இப்போது வேறொருவர் பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, முன்பு வேலை பார்த்தவர்களில் ஒருவரோடு சேர்ந்து கொலுசு செய்கிறேன். அம்மாவுக்குப் புதுத் தோடு வாங்கித் தருவதாகச் சொன்னேன், தங்கைக்கு இன்னும் பாக்கியிருக்கும் சீரை முதலில் முடிக்கச் சொல்லிவிட்டார், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என்னை முதலில் அழைத்துப்போன நண்பர் இன்னும் அங்கேயே இருக்கிறார். அவரிடம் மூப்பரைப் பற்றி ஒரு வார்த்தையும் குறைவாகப் பேசுவதில்லை. பேசினால் அவர் தற்காப்புக்குத்தான் போவார். சில மாதங்களுக்கு முன் இரவில் தொலைபேசியில் அழைத்து, தூக்கம் வரவில்லை, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று தோன்றுகிறது என்றார். மனைவியின் தையல் இயந்திரத்தை விற்றுக் காணிக்கை கொடுக்கும்படி சொல்லியிருக்கிறார்களாம். விற்பதை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த மாதத்தில் கலாத்தியர் நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து ஆறாம் அதிகாரம்வரை நிறுத்தாமல் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தையல் இயந்திரம் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.